சயாம்காரி ஊற்றிய தண்ணீர்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் என் இரண்டு கைகளிலும் தண்ணீர் ஊற்றினாள்.

சாப்பிட்டு எழுந்த கை அல்ல. சாப்பிட உட்காரவே இல்லை. சும்மா மடியில் கிடந்த கைகளை நீட்டச் சொல்லி, நன்றாகத் தேய்த்த ஒரு பித்தளைக் கிண்ணத்திலிருந்து, மல்லிகைப் பூ மிதக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "பெரியவுக மன்னிக்கணும்" என்றாள்.

எனக்குத் தெரிந்து அவள் எனக்குச் செய்த ஒரே குற்றம், காப்பியில் சர்க்கரையைத் தூக்கலாகப் போடுவது. அதை அந்த இடத்திலேயே மன்னித்தேன்.

வாசகர்கள் கேட்கலாம். வெயில் வந்தால் இந்த மனிதர் கொடைக்கானல் போவார், குளிர் தாங்கவில்லை என்று நாலு வாரம் புலம்புவார், திரும்பி வந்து வெயில் தாங்கவில்லை என்பார்... இதில் கையில் தண்ணீர் ஊற்றுகிற கதை எங்கிருந்து வந்தது? சொல்கிறேன். உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

செண்பகனூரில் மதுரை நண்பர் ஒருவருக்கு ஒரு பங்களா இருக்கிறது. பங்களா என்பது அவருடைய வார்த்தை. இரண்டு அறை, ஒரு கணப்பு, புகையை வெளியே விட மறுக்கும் ஒரு புகைபோக்கி. அதற்குக் காவல்காரன் கருப்பையா. சமையலுக்கு அவன் மனைவி மாலி.

மாலியை முதல் தடவை பார்க்கிறவர்கள், நேபாளமா, பர்மாவா, சீனாவா என்று தங்களுக்குள் குசுகுசுப்பார்கள். அவள் வாயைத் திறந்தால் கருப்பையாவின் கிராமமான பேத்துப்பாறை. "வெந்நி ஆறிப்போச்சு, வெரசா வாங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்பாள். அந்தத் தமிழில் வேறு ஊரின் வாடையே கிடையாது. முட்டை எண்ணும்போது மட்டும் உதடு வேறொரு பாஷையில் அசையும்.

அவள் சயாம் தேசத்துப் பெண். அந்தத் தேசம் தாய்லாந்து என்று பெயரை மாற்றிக்கொண்டு எத்தனையோ வருஷமாகிறது. பேத்துப்பாறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அங்கே அவள் பெயர் சயாம்காரி.

கருப்பையா இளவயதில் ரப்பர் மரம் சீவ மலாயாவுக்குப் போனவன். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை ஆடு மாடு மாதிரி ஏற்றிக்கொண்டு போய், சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தான். போனவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதை ஓரத்திலேயே மண்ணாகிவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த கருப்பையாவுக்கு, கூடையில் வாழைப்பழம் விற்க வந்த ஒரு பெண் சும்மாவே பழம் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். யுத்தம் முடிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு, பினாங்கில் கப்பலேறி, வத்தலக்குண்டில் பஸ் ஏறி, பேத்துப்பாறையில் கொண்டுவந்து இறக்கினான். கப்பலுக்குக் காத்திருந்தபோது ஒரு குழந்தை பிறந்து, அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் கதை. மற்றதெல்லாம் முன்னுரை.

சித்திரை பிறக்க ஒரு நாள் இருக்கும்போது கருப்பையா வந்து தலையைச் சொறிந்தான்.

"ஐயா, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க. இவளுக்கு வருசப் பொறப்பு."

"எல்லாருக்கும்தானே வருஷப் பிறப்பு?"

"நமக்கு வேப்பம்பூவ வாயில போட்டு மூஞ்சியச் சுளிச்சா முடிஞ்சதுங்க. இவுக ஊருல அப்பிடி விட மாட்டாக. தெருவுல போறவன் வாறவனை எல்லாம் தண்ணியில முக்கி எடுத்துருவாக."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சூரியன் மேஷத்தில் நுழைகிற அதே நாள்தான் அவர்களுக்கும். நாம் சங்கராந்தி என்பதை அவர்கள் சொங்க்ரான் என்கிறார்கள். இதையெல்லாம் எங்கேயோ படித்திருக்கிறேன். படித்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டாமா? சயாமுக்கு அனுப்புங்கள் என்று நம் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டால், அவர் என்னைத் திருத்துறைப்பூண்டிக்குக்கூட அனுப்ப மாட்டார். இங்கே பாஸ்போர்ட் இல்லை, கப்பல் இல்லை. மலைச் சரிவில் இறங்கினால் சயாம்.

மறுநாள் காலை ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, தலைக்குக் குரங்குக் குல்லாய் சகிதம் சயாமுக்குப் புறப்பட்டேன். மாலி முன்னாலேயே போய்விட்டாள். மூடுபனியில் கருப்பையாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த முதுகுதான் பேச ஆரம்பித்தது.

"எங்கக்கா ஒருத்தி இருக்காங்கய்யா, வடகவுஞ்சியில. பேச்சியம்மா. ஆத்தா அப்பன் போனதுல இருந்து அவதேன் எனக்கு எல்லாம். தீவாளியில இருந்து என்னையப் போட்டு அரிக்கிறா."

"என்னவாம்?"

"அவ மகளக் கட்டிக்கிறணுமாம்."

நான் நின்றுவிட்டேன். அக்காள் மகளை மாமன் கட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் இந்த மாமனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

"மாலி?"

"அவளும் இருக்கட்டுங்கிறா அக்கா. பின்பக்கம் ஒரு சாய்ப்பு எறக்கிக் குடுத்துரலாமாம். புள்ளையில்லாத வீடு, எம் மகளுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுதுன்னு அழுவுறா. பெறந்தவ அழுதா என்னங்க பண்றது?"

"நீ என்ன சொன்னாய்?"

முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அவ ஊரு பெரிய மனுசங்க முன்னாலயே வாய அடைச்சுப்புட்டேன்ல. 'மாலி மனசார ஒங் கையில தண்ணி வார்த்துக் குடுக்கட்டும், அன்னைக்கே ஒம் மகளுக்குத் தாலி கட்டுறேன்'னுட்டேன். எவ குடுப்பா, சொல்லுங்க?"

"மாலிக்கு இது தெரியுமா?"

"எதுக்குங்க அவகிட்டச் சொல்லி அவளக் கஷ்டப்படுத்திக்கிட்டு."

நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் தண்ணீர் வார்த்துத்தான் கொடுக்கிறோம். ராஜாக்கள் நிலம் கொடுத்தது அப்படி. நாம் பெண்ணைக் கொடுப்பது அப்படி. வாங்குகிறவர் கையில் தண்ணீர் விழுந்தால் விழுந்ததுதான், திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே கருப்பையா போட்டது பலமான நிபந்தனை என்று எனக்குத் தோன்றியது. கெட்டிக்காரன் என்று சொல்லவும் சொன்னேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் கூடவே குடித்தனம் செய்தவனுக்குத் தோன்றாதது, எனக்கு மட்டும் தோன்றிவிடுமா?

வீடு சின்னது. வாசலில் ஆற்று மணலைக் கொட்டி, கூம்பு கூம்பாகக் கோபுரம் பிடித்திருந்தாள். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஒரு காகிதக் கொடி. கோயிலுக்கு வருகிறவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு போகிற மண்ணை, வருஷத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இங்கே அவளுக்குக் கோயில் இல்லை. மண்ணை வாசலுக்கே கொடுத்துவிட்டாள். உள்ளே ஒரு பலகையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண் புத்தர், மஞ்சள் தண்ணீரில் குளித்து, ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்த்தே நடுங்கியது.

அவர்கள் ஊரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீரை வாரி இறைத்தால் சந்தோஷமாக இருக்கும். இந்த மலையில், இந்தப் பனியில்? மாலி என்மேல் நாலு சொட்டுத் தெளித்தாள். நான் நாலு முழம் துள்ளினேன். கருப்பையா விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்து முகத்தில் வெள்ளைப் பூச்சு. சயாமில் அதற்கென்று ஒரு வெள்ளைக் களிமண் உண்டாம். இங்கே கிடைக்காது. பழனித் திருநீற்றைக் குழைத்து வைத்திருந்தாள். என் இரண்டு கன்னத்திலும் முருகன் அருள் ஏறியது.

பிறகு சாப்பாட்டைக் காட்டினாள். மல்லிகைப் பூ போட்டு ஊறவைத்த தண்ணீரில் சோறு. தொட்டுக்கொள்ளக் கருவாட்டை இடித்து உருட்டிப் பொரித்த உருண்டை. சுருக்கமாகச் சொன்னால், நம் நீராகாரம் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. "வெயிலுக்கு நல்லதுங்க" என்றாள். வெளியே பத்தடிக்கு அப்பால் பனியில் எதுவும் தெரியவில்லை.

சாப்பிடுவதற்கு முன்னால்தான் அந்தக் கை சமாசாரம். பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி, போன வருஷம் தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் மன்னிக்கச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதோடு பழைய வருஷம் கழுவிக்கொண்டு போய்விடும். எனக்கு வயதாகிவிட்டது என்பதை இத்தனை மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

"வேறு யார் கையில் ஊற்றுவாய்?" என்று கேட்டேன்.

"யாரு நீட்டுறாக? நான் எதையோ குடுத்து அவுக தலையில கட்டப் போறேன்னு பயம். இவுக கையில ஊத்துவேன். அதோட சரி." கிண்ணத்தில் பூவை விரலால் தள்ளிவிட்டாள். "இவுக அக்கா, அந்த மதினிகிட்ட வருசா வருசம் கேப்பேன். இவுகளுக்கு ஆத்தா மாதிரில்ல. கையப் பின்னால கட்டிக்கிட்டுப் போயிருவாக."

வழியில் கேட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது. கருப்பையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"என்ன தம்பி, வீட்டுக்கு வெள்ளையடிக்காம மூஞ்சிக்கு அடிச்சிருக்கீக?"

வடகவுஞ்சியிலிருந்து வெள்ளனே புறப்பட்டு வந்திருக்கிறாள் பேச்சியம்மா. புதுச் சேலை. நெற்றி நிறையக் குங்குமம். தனியாக வரவில்லை. ஊர்க்காரர்கள் நாலைந்து பேரையும் அழைத்து வந்திருந்தாள். அவர்கள் வேலி ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். வருஷப் பிறப்பு பார்க்க வந்தவர்கள் என்று மாலி நினைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"வாங்க மதினி. உள்ள வாங்க."

"உள்ள வாறது இருக்கட்டும். ஏ புள்ள, வருசா வருசம் என் கையில தண்ணி ஊத்தணும், தண்ணி ஊத்தணும்னு கெடந்து பறப்பியே. ஊத்து." மணல் கோபுரத்தின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"அக்கா" என்றான் கருப்பையா.

"நீ சும்மா இரு தம்பி. பொம்பளைக சமாசாரம்."

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கூடத்திலிருந்து வாசல் என்ன தூரம்? ஆனால் மாலி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். குங்குமம், புதுச் சேலை, நீட்டிய கைகள்... இத்தனை வருஷம் அவள் கேட்டது அத்தனையும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, மிச்சம் இல்லாமல் ஊற்றினாள். அவளுடைய பாஷையில் என்னவோ நீளமாகச் சொன்னாள். பிறகு தமிழில்:

"தப்பு ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க மதினி."

பேச்சியம்மா தண்ணீரைச் சிந்தவிடவில்லை. குழித்த கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டாள். எழுந்தாள். வேலிப் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டீகளா? அவ கையாலயே வார்த்துக் குடுத்துட்டா. எந்தம்பி சொன்ன வாக்கு நெறவேறிப்போச்சு. பட்டணத்து ஐயாவும் பாத்தாரு. அவரும் சாட்சி."

மாலிக்கு ஒன்றும் புரியவில்லை. வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் அவளுக்காகவோ என்னவோ மெதுவாகச் சொன்னார்: "பேச்சியம்மா மக செல்லத்தாயிய ஓம் புருசனுக்குக் கட்டிக் குடுக்கச் சம்மதம்னு தண்ணி ஊத்திருக்கம்மா."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். இந்த மாதிரிச் சமயங்களில் எனக்குப் பேச வரும் என்று ஒரு நம்பிக்கை.

"அம்மா, இது வேறே. இது இவர்கள் தேசத்துச் சடங்கு. இதில் கொடுப்பது வாங்குவது எதுவும் கிடையாது. மன்னிப்புக் கேட்பதுதான். உங்களுக்கே தெரியும், இவள் வருஷா வருஷம்..."

"ஐயா, குல்லாயக் கழட்டிட்டுப் பேசுங்க. குரல் கேக்கலை."

கழற்றினேன்.

"தண்ணி ஊத்துனாளா, இல்லையா?"

"ஊற்றினாள். ஆனால்..."

"நான் அவ கையப் புடிச்சு இழுத்து ஊத்தச் சொன்னனா, அவளா ஓடியாந்து ஊத்துனாளா?"

"அவளாகத்தான். ஆனால் அவள் மனதில்..."

"அம்புட்டுத்தேன். மனசையெல்லாம் நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை."

வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த சமஸ்கிருதம், சரித்திரம், சூரியன், மேஷம் எல்லாம் கன்னத்துத் திருநீறோடு சேர்ந்து உலர்ந்துகொண்டிருந்தன.

மாலி மதினியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கருப்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். "போ அக்கா, விளையாடாதே" என்றால் போதும். வேலியோரத்துக் கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். பேச்சியம்மா நாலு நாள் மூக்கைச் சிந்துவாள். நாங்கள் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தோம். பேச்சியம்மாகூடக் கொஞ்சம் பயத்தோடுதான் நின்றாள். கருப்பையா குனிந்து, சாய்ந்திருந்த ஒரு காகிதக் கொடியை எடுத்து நேராக நட்டான். பிறகு அது சரியாக நிற்கிறதா என்று பார்த்தான்.

எவ்வளவு நேரம் பார்ப்பது ஒரு கொடியை?

மாலி மதினி பக்கம் திரும்பினாள். அழவில்லை. குரல்கூட மாறவில்லை.

"பெரியவுக ஒரு நல்ல வார்த்தை சொல்லணும் மதினி. சொல்லாமப் போகக் கூடாது."

பேச்சியம்மா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவள். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அவளும் பெண்ணைப் பெற்றவள்தானே.

"நல்லாயிரு" என்றாள். வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் நீராகாரம் சாப்பிடாமலே திரும்பினேன்.

மறுநாள் காலை மாலி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அடுப்பு மூட்டினாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. இப்போது சட்டம் இருக்கிறது, ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்ட முடியாது, மதுரையில் எனக்கு வக்கீல்கள் தெரியும் என்றெல்லாம் அடுக்கினேன்.

"நாங்க கட்டிக்கிட்டது காட்டுலங்க" என்றாள். "எங்கய்யா எங்க ரெண்டு பேரு மணிக்கட்டுலயும் வெள்ளை நூலு கட்டிவிட்டாரு. அந்த நூலு கப்பல்லயே அந்துபோச்சு. சட்டத்துக்கு நான் யாருங்க?"

எனக்குத் தெரியவில்லை. வக்கீல்களுக்கும் தெரியுமா என்பது சந்தேகம்.

"உன்னை ஏமாற்றிவிட்டார்கள், மாலி."

"மதினி ஏமாத்தலைங்க. அவுக மகளுக்கு ஒரு வீடு வேணும், வந்து கேட்டுக்கிட்டாக." அடுப்பைக் கிளறினாள். "இவுக வேணாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது வெறுந் தண்ணிதானேங்க."

அவள் வெளியே போனதும் கருப்பையாவைக் கூப்பிட்டேன். என் குரலில் எனக்கே பழக்கமில்லாத ஒரு சூடு இருந்தது.

"என்னங்க பண்றது, ஊரு முன்னால வாக்குக் குடுத்தாச்சு" என்றான்.

"மாலிக்கும் சயாமில் ஒரு வாக்குக் கொடுத்தாயே?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன். அதுதான் கஷ்டம்.

"அங்க சாட்சிக்கு யாருங்க இருந்தா?"

பிரயாணம் போகிறவனுக்கு எந்த ஊர்ச் சடங்கும் அழகாகத்தான் இருக்கும். பார்க்கிறான், நனைகிறான், சிரிக்கிறான், எழுதுகிறான். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறான். அந்தச் சடங்கில் என்ன கைமாறியது என்பது அங்கேயே இருக்க வேண்டியவர்களுக்குத்தான் தெரியும். நானும் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கொடைக்கானலில் இந்த வருஷம் சீசன் எப்படி என்று கேட்டார். குளிர் ஜாஸ்தி என்றேன்.

நேற்று மதுரை நண்பர் வந்திருந்தார். பங்களாவில் எல்லாம் சௌகரியமாக இருக்கிறதாம். பேத்துப்பாறையில் கருப்பையா வீட்டுக்குப் பின்பக்கம் சாய்ப்பு இறக்கி, மாலி அதில் தன் புத்தரோடு குடியேறிவிட்டாளாம். வைகாசியில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்களாம்.

சாட்சி சொன்னவன் என்ற முறையில், எனக்கு முதல் பந்தியிலேயே இலை போடுவார்களாம்.